ஏழாம் நம்பர் டேங்கின் ஆவி

எண்பதுகளின் தொடக்கத்தில் மேற்குக் கரையோரம் இருந்த ஓர் எண்ணெய்க் கிடங்கில் எனக்குக் கணினி வேலை. ஆங் மோ கியோவில் இருந்த என் வீட்டிலிருந்து பஸ் மாறி மாறிப் போய், கடைசியில் கம்பெனி வேன் பிடிக்க வேண்டும். பெட்ரோலும் டீசலும் நிரம்பிய பெரிய இரும்பு டேங்குகளுக்கு நடுவே, குளிர்சாதனம் ஓயாமல் ஓடிய அறை என்னுடையது ஒன்றுதான். அது எனக்காக அல்ல, கணினிக்காக. மதிய வெயிலில் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு ஆள்கள் அங்கே வந்து நிற்பார்கள்.

ஒருநாள் மேலாளர் வந்தார். எங்கள் மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பைபிள் வாசகம் வாசிப்பவர். வெளிநாட்டிலிருந்த தலைமையகம் இரண்டு விவரங்கள் கேட்டிருப்பதாகச் சொன்னார். ஆண்டுக்கு எவ்வளவு எண்ணெய் ஆவியாகிக் காற்றில் கலக்கிறது? குத்தகை முடிந்து நிலத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது மண்ணைச் சுத்தம் செய்ய எவ்வளவு செலவாகும்?

“முதல் கேள்விக்கு மட்டும் நீங்க கணக்குப் போடுங்க. ரெண்டாவதுக்கு ஒண்ணும் இல்லைன்னு எழுதிடலாம். நம்ம மண்ணு கிளீன் லா,” என்றார்.

நான் கேட்காமலே அவர் அதைச் சொன்னது எனக்கு உறுத்தியது.

ஒவ்வொரு டேங்கிலும் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று அளப்பதை ‘டிப்’ எடுப்பது என்பார்கள். ஓர் ஆள் டேங்கின் உச்சிக்கு ஏறி, மூடியைத் திறந்து, நுனியில் எடை கட்டிய நாடாவை உள்ளே இறக்கி மட்டத்தைக் குறித்து வருவார். வந்த எண்ணெய், போன எண்ணெய், மிச்சம் இருக்கும் எண்ணெய் மூன்றையும் கணினியில் ஏற்றினால், எவ்வளவு காணாமல் போயிருக்கிறது என்று தெரிந்துவிடும். காணாமல் போனதையெல்லாம் ‘ஆவி’ என்று எழுதுவதுதான் அங்கே வழக்கம்.

மற்ற பெட்ரோல் டேங்குகளைவிட ஏழாம் நம்பர் டேங்கில் ஆவி மிக அதிகமாக இருந்தது. ஒரே எண்ணெய், ஒரே வெயில். அது மட்டும் ஏன் அப்படி?

வாசல் காவலர்களுக்கு இது முன்பே தெரிந்திருந்தது போலும். டிப் எடுப்பவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவர்மேல் அவர்களுக்கு ஒரு கண். சுவா சூ காங் பக்கத்துப் பண்ணை வீட்டிலிருந்து வருபவர். அப்போதுதான் புது மோட்டார் சைக்கிள் வாங்கியிருந்தார். வாசலில் அவருடைய பையைக் கொட்டச் சொல்வார்கள். வண்டியின் பெட்ரோல் மூடியைத் திறந்து முகர்ந்துகூடப் பார்ப்பார்கள். அவர் வேறெங்கோ பார்த்தபடி நிற்பார். வேன் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கும், இவராக இருக்குமோ என்றுதான் தோன்றியது.

ஆவிக்கும் வெயிலுக்கும் உறவு உண்டு. வெயில் நாள்களில் அதிகம் போகும், மேகம் மூடிய நாள்களில் குறையும். அதனால் வானிலைக் குறிப்புகளை வரவழைத்து, ஒவ்வொரு நாளின் இழப்புக்கும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மற்ற டேங்குகள் வெயிலுக்கு ஏற்றபடி ஏறி இறங்கின. ஏழாம் நம்பர் எதையும் சட்டை செய்யவில்லை. நாள் தவறாமல் கிட்டத்தட்ட ஒரே அளவு குறைந்தது.

கூடவே இன்னொன்றும் கண்ணில் பட்டது. மழை நாள்களில் எல்லா டேங்குகளின் அளவுகளும் ஐந்திலோ பூஜ்யத்திலோ முடிந்தன. உண்மையில் அளந்த எண்கள் அவ்வளவு ஒழுங்காக விழாது.

அண்ணனை என் அறைக்குக் கூப்பிட்டேன். திரையில் பச்சை எழுத்துகளைக் காட்டி, “மழை நாள்ல நீங்க மேலே ஏறவே இல்லை, சரியா?” என்றேன்.

அவர் முகம் கறுத்துவிட்டது.

“மின்னல் அடிக்கிறப்ப ஏறக்கூடாதுன்னு ரூல் இருக்கு, தங்கச்சி. ஃபார்ம்ல எந்தக் கட்டத்தையும் காலியா விடக்கூடாதுன்னும் ரூல் இருக்கு. நான் என்ன செய்ய? முந்தின நாளைப் பார்த்து ஒரு நம்பர் போட்டுடுவேன். சும்மா தூறல் போட்டாலும் அப்படித்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனா ஒரு சொட்டு எண்ணெய் எடுத்ததில்லை.”

நம்புவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. மழை நாள்களையெல்லாம் நீக்கிவிட்டு மறுபடி கணக்கை ஓட்டினேன். அப்போதும் ஏழாம் நம்பர் அதே போலத்தான் குறைந்தது. திருடுபவன் விடுமுறையில் போவான், காய்ச்சலில் படுப்பான். அண்ணன் விடுப்பில் இருந்தபோது வேறு ஆள் அளந்த வாரங்களிலும் குறையும் அளவு மாறவில்லை. எண்ணெய் காற்றிலும் கலக்கவில்லை, வாசல் வழியாகவும் போகவில்லை என்றால், அடியில்தான் போக வேண்டும்.

மேலாளரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு புன்னகைத்தார்.

“நீங்களே மழை நாள் நம்பர் எல்லாம் பொய்னு சொல்றீங்க. அப்போ மத்த நாள் நம்பரை மட்டும் எப்படி நம்புறது? மொத்தமும் குப்பை. ஆவின்னே எழுதிடுங்க.” கதவருகே நின்று திரும்பினார். “இதை வெளியில யார்கிட்டயாவது பேசினீங்களா?”

“இல்லை சார்.”

அந்த ஞாயிறு அவர் வாசகம் வாசித்தபோது என்னால் ஒரு சொல்லைக்கூடக் கவனிக்க முடியவில்லை. திங்கட்கிழமை போனால், கணக்கையெல்லாம் பதிந்து வைத்திருந்த என் டிஸ்க் பெட்டி வைத்த இடத்தில் இல்லை. அறை முழுக்கத் தேடினேன். அலமாரிக்குப் பின்னால் கிடந்தது. குளிர்சாதனம் பழுதுபார்க்க வந்தவர் நகர்த்தி வைத்தாராம். நான் அதையும் நம்பவில்லை. அன்றிலிருந்து கணக்கின் ஒரு பிரதியைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டேன். அடுத்த மேசைக்காரி சாப்பிடக் கூப்பிட்டால்கூட, இவளை யார் அனுப்பினார்கள் என்று யோசிக்கும் அளவுக்குப் போய்விட்டேன்.

அடுத்த மாதம் தலைமையகத்திலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பொறியாளர் வந்தார். கூட்டத்தில் மேலாளர் ஆவிக் கணக்கை வாசித்து முடித்ததும், ஏழாம் நம்பர் மட்டும் ஏன் இப்படி என்று பொறியாளர் கேட்டார். மேலாளர் வாயைத் திறக்குமுன் நான் சொல்லிவிட்டேன்: “அந்த டேங்கையும் பக்கத்து டேங்கையும் ஒரு வாரம் மூடி வையுங்கள். எதுவும் உள்ளே வர வேண்டாம், வெளியே போக வேண்டாம். நீங்களே ஏறி அளந்து பாருங்கள்.” மேலாளர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொறியாளரும் அண்ணனும் தினமும் சேர்ந்து ஏறினார்கள். அந்த வாரம் பெரும்பாலும் வானம் மூடியே இருந்தது. பக்கத்து டேங்கின் மட்டம் அசைந்ததே தெரியவில்லை. ஏழாம் நம்பர் மட்டும் ஒவ்வொரு நாளும் ஒரே அளவு இறங்கியது. டேங்கைச் சுற்றி மண்ணில் துளை போட்டார்கள். நான் அருகில் போய்ப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. பெட்ரோல் வாடை என் அறை ஜன்னல் வரை வந்தது.

டேங்கைக் காலி செய்து பார்த்தபோது அடித்தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. ஆவிக் கணக்கைத் திருத்தி எழுதினோம். மண்ணுக்கான பதிலும் மாறியது. மேலாளரை வேறு அலுவலகத்துக்கு மாற்றினார்கள். அவருக்கு முன்பே தெரியுமா, தெரிந்துகொள்ள விரும்பவில்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. கோயிலில் பார்த்தால் தலையை மட்டும் அசைப்பார். டிப் ஃபார்மில் ‘மின்னல்’ என்று ஒரு கட்டம் சேர்த்தார்கள். அண்ணனுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். சில மாதங்களில் அவர் வேலையை விட்டுவிட்டு பஸ் ஓட்டப் போய்விட்டார்.

பிறகு ஒரு தீபாவளிச் சமயம், சிராங்கூன் சாலைப் பூக்கடை முன் அவரை மனைவியோடு பார்த்தேன். என்னோடு பேசுவாரா என்று தயங்கி நின்றேன். அவரே கூப்பிட்டார்.

“இவங்கதான்,” என்று மனைவியிடம் சொன்னார். “நான் திருடன் இல்லைன்னு நிரூபிச்சவங்க. சோம்பேறின்னு நிரூபிச்சதும் இவங்கதான்.”

அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கும் ஒரு முழம் மல்லிகை வாங்கிக் கொடுத்தார்.

“அந்த டேங்க் என்னாச்சு?” என்று கேட்டார் அண்ணன்.

“உடைச்சுட்டாங்க அண்ணே.”

“மண்ணு?”

“லாரி லாரியா அள்ளிக்கிட்டே இருக்காங்க. இன்னும் முடியல.”

அவர் உச்சுக்கொட்டிவிட்டு, மனைவியின் கையிலிருந்த பைகளை வாங்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் பக்கம் நடந்தார்.