நான்கு விநாடி பிந்திய வாக்குறுதி

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு அந்தப் பெண் என் கடைக்குள் வந்து, நான் கொடுத்தனுப்பியிருந்த பென்டிரைவை மேசைமேல் வைத்தார். உட்காரவில்லை.

"இன்னாக்கா இப்டி பண்ணி வெச்சிக்கீறீங்க? ஆபீசுல அத்தினி பேரும் சிரிக்கறாங்க."

"ஏம்மா, படம் ஓடலயா?"

"ஓடிச்சி. அதிகாரி தண்ணி குடிக்கறாரு. குடிச்சிக்கினே பேசறாரு. எந்த ஸ்டுடியோவுல டப்பிங் குடுத்தீங்கன்னு கிளார்க்கு கேக்கறாரு."

கல்வராயன் மலைமேல் ஒரு சிறிய ஊர் அவருடையது. மகளிர் குழுத் தலைவி. முப்பத்தைந்து வயது இருக்கும். அவர்கள் ஊரில் ரேஷன் கடை இல்லை. அரிசிக்கு ஆறு கிலோமீட்டர் இறங்கிப் போய், மூட்டையோடு ஏறி வரவேண்டும். போன கிராம சபைக் கூட்டத்துக்கு வந்த அதிகாரி, அடுத்த மாதத்திலிருந்து வாரத்தில் இரண்டு நாள் ஊரிலேயே பொருள் தருவதாக எல்லோர் முன்னாலும் சொன்னார். தீர்மானப் புத்தகத்தில் அது ஏறவில்லை. ஆனால் இவர் தன் செல்போனைத் தண்ணீர்க் கேனில் சாய்த்து வைத்து நாற்பத்தொரு நிமிடம் படம் பிடித்திருந்தார். மாதம் முடிந்தது, கடை வரவில்லை. அவரிடம் இருந்த ஒரே சாட்சி அந்த வீடியோதான். அதைத்தான் நான் கெடுத்திருந்தேன்.

நான் பதினோரு வருடம் செய்தித்தாளில் இருந்தவள். இப்போது கள்ளக்குறிச்சியில் துருகம் சாலையில் ஒரு மாடியறையில் கல்யாண வீடியோக்களை எடிட் செய்கிறேன். அவர் தங்கை கல்யாணமும் என்னிடம்தான் வந்தது. அந்தப் பழக்கத்தில், அதிகாரி பேசும் இடத்தை மட்டும் வெட்டித் தரச் சொல்லி முந்தின வாரம் வந்திருந்தார். வீடியோக் கோப்பை என் கணினிக்கு மாற்றிக்கொண்டதும், "போன்ல இடம் இல்லக்கா, அழிச்சிடட்டா?" என்று கேட்டார். அழித்துவிடச் சொன்னேன்.

அவர் போனபிறகு கோப்பை எடிட்டிங் சாஃப்ட்வேரில் திறந்தேன். சத்தம் வந்தது, படம் வரவில்லை. கறுப்புத் திரை. புதிய செல்போன்கள் வீடியோவை இறுக்கி மடித்துச் சேமிக்கின்றன. மடித்த முறை தெரிந்த சாஃப்ட்வேரால்தான் பிரிக்க முடியும். அந்த முறைக்குத்தான் கோடெக் என்று பெயர். என்னுடைய சாஃப்ட்வேர் பழையது, அதற்கு இந்த மடிப்பு தெரியாது. இது எனக்குப் புதிதல்ல. இலவசக் கன்வர்ட்டர் ஒன்றில் கோப்பைப் போட்டு வேறு வடிவத்துக்கு மாற்றினால் படம் வந்துவிடும். அது மாறிக்கொண்டிருந்த நேரத்தில் கறுப்புத் திரையிலேயே முழுக் கூட்டத்தையும் காதால் கேட்டேன். முப்பத்துமூன்றாம் நிமிடத்தில் வாக்குறுதி வந்தது. குறித்துக்கொண்டேன். படம் வந்ததும் குறித்த இடத்தின் முன்னும் பின்னும் வெட்டி, மண்டபமும் தலைகளும் தெரிகிற முதல் சில விநாடிகளைப் பார்த்து, பென்டிரைவில் ஏற்றிவிட்டேன். அந்த வாரம் மூன்று கல்யாணங்கள் இருந்தன. அது காரணமே தவிர, சாக்கு ஆகாது. பக்கத்தைப் படித்துப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பும் வேலையை நான் செய்தித்தாளில் ஒருநாளும் செய்ததில்லை.

இப்போது இருவரும் பார்த்தோம். அதிகாரி வாயசைக்கிறார், வேறெதற்கோ சிரிக்கும் சத்தம் கேட்கிறது. அவர் பேசி முடித்து டம்ளரை எடுத்து அண்ணாந்து குடிக்கிறார். அப்போது அவருடைய குரல், "அடுத்த மாசத்துல இருந்து வாரத்துல ரெண்டு நாளு ஒங்க ஊர்லயே குடுப்போம்" என்கிறது. எண்ணிப் பார்த்தேன். நான்கு விநாடி.

"அந்த கிளார்க்கு இடத்துல நான் இருந்தாலும் சிரிச்சிருப்பேன்" என்றார் அவர். "திங்கக்கெழம மனு நாளு. பெரிய ஆபீசருகிட்டயே போகலாம்னு இருந்தேன். ஊர்ல இருந்து பன்னண்டு பேரு கெளம்பறாங்க. இன்னாத்த காட்டறது?"

சத்தத்தை நான்கு விநாடி முன்னால் இழுத்துவிட்டால் பொருந்திவிடும். கை அதற்குத்தான் போனது. இழுத்தேன். வாக்குறுதி சரியானது, ஆனால் அதற்கு முன் கேள்வி கேட்ட கிழவரின் வாய் பிசகியது. ஒரே இடைவெளியாக இருந்தால் எல்லா இடத்திலும் பொருந்தியிருக்க வேண்டும். எழுந்து ஜன்னல்வரை போய் வந்தேன். கரும்பு டிராக்டர் ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு நின்றது. மறுபடி உட்கார்ந்தேன்.

வெட்டாத கோப்பை ஆரம்பத்திலிருந்து ஓட்டினோம். ஐந்தாம் நிமிடம் சரி. பதினைந்து சரி. இருபது சரி. முப்பதில் பிசகு. நடுவில் எங்கோ தொடங்கியிருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் வந்தேன். நான் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் திரையின் மேல்மூலையைக் காட்டினார்.

"அந்த ஃபேன பாருக்கா. நிக்கிது. கரண்டு போன நேரம் அது."

இருபத்திரண்டாம் நிமிடத்தில் மின்விசிறி சுற்று குறைந்து நின்றது. விளக்குகள் அணைந்து, வாசல் வெளிச்சம் மட்டும் இருந்தது. அதுவரை விநாடிக்கு முப்பது படம் எடுத்த செல்போன், வெளிச்சம் கம்மியானதும் இடையிடையே சில விநாடிகளில் இருபத்தொன்பது, சில விநாடிகளில் இருபத்தெட்டு என்று எடுத்திருக்கிறது. எந்தப் படம் எந்த நேரத்துக்கு உரியது என்பது கோப்புக்குள் இருக்கும். என் எடிட்டிங் சாஃப்ட்வேர் அதைப் பார்க்காமல் எல்லா விநாடிக்கும் முப்பது என்று அடுக்கிவிட்டது. படம் முந்தியது, சத்தம் பிந்தியது. மாற்றும்போது கன்வர்ட்டரில் 'சீரான வேகம்' என்ற கட்டத்தை நான் குறித்திருக்க வேண்டும். குறிக்கவில்லை.

கட்டத்தைக் குறித்து மறுபடி மாற்றப் போட்டேன். இரண்டு மணி நேரம் காட்டியது. அவர் கீழே போய் டீ குடித்துவிட்டு வந்தார். பஸ் நிலையம்வரை போய், கச்சிராயபாளையம் வழியாக மலைக்குப் போகிற வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டு வந்தார். நான் நாற்காலியின் உயரத்தை மாற்றினேன், திரும்பப் பழையபடி வைத்தேன். பச்சைக் கோடு எண்பது விழுக்காட்டில் அசையாமல் நின்று, பிறகு நகர்ந்தது.

முடிந்ததும் ஓட்டிப் பார்த்தோம். அதிகாரி பேசினார், பிறகு குடித்தார்.

நான் புதிய பென்டிரைவை எடுத்தேன். அவர் கை நீட்டவில்லை.

"இது வேணாங்கா. மொதல்ல ஒண்ணு குடுத்தோம், வாய் ஒட்டல. இப்ப வாய் ஒட்ற மாதிரி இன்னொண்ணு குடுத்தா, கிண்டி சரி பண்ணிக்கினு வந்துட்டாங்கன்னுதான் சொல்லுவாங்க."

அவர் சொன்னது சரி. பதினோரு வருடம் சாட்சியங்களை எடைபோட்டுச் சம்பளம் வாங்கியவளுக்கு அது தோன்றவில்லை.

"நான் எடுத்தது அப்டியே இருக்குதா?"

இருந்தது. அவர் போனிலிருந்து தங்கை கல்யாணப் படங்கள் பாதியை அழித்து இடம் உண்டாக்கி, நான் தொடாத மூலக் கோப்பைத் திரும்ப ஏற்றினேன். அந்தப் போன் தான் மடித்ததைத் தானே பிரித்து, முதல் நிமிடத்திலிருந்து கடைசிவரை பிசகில்லாமல் ஓட்டியது. இதற்கு எடிட்டிங்கே தேவைப்பட்டிருக்கவில்லை.

ஞாயிறு பூசையில் பிரசங்கம் மனத்தில் ஏறவில்லை. ஒலிபெருக்கிச் சத்தம் பாதிரியாரின் உதட்டோடு பொருந்துகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை வரிசையில் நானும் நின்றேன். வரச்சொல்லி யாரும் கேட்கவில்லை. எங்கள் முறை வந்ததும் மேசைக்குப் பின்னாலிருந்த பெரிய அதிகாரி மனுவைப் படித்துவிட்டு, வாக்குறுதி தந்தவரை அழைத்து நிறுத்தினார்.

"நீங்க சொன்னீங்களா?"

"பரிசீலிக்கலாம்னு சொன்னேன் சார்."

அந்தப் பெண் தன் செல்போனை மேசைமேல் நிறுத்தி, சத்தத்தை முழுவதும் கூட்டி ஓட்டினார். மண்டபம், இருட்டு, கிழவரின் கேள்வி, பதில். பரிசீலிக்கலாம் என்ற சொல் அதில் இல்லை.

"இன்னொரு வாட்டி போடட்டுங்களா?"

"போதும்மா" என்றார் பெரிய அதிகாரி. "போன வாரம் வேற ஏதோ குடுத்தீங்களாமே? டப்பிங் மாதிரி இருந்ததுன்னு சொல்றாங்க."

அந்தப் பெண் என்னைக் கைகாட்டினார். "அத அக்கா பண்ணாங்க சார். அவங்களயே கேளுங்க."

என் தவறு என்றேன். மூல வீடியோவில் பிழையில்லை, நான் வேறு வடிவத்துக்கு மாற்றியபோது குரல் பிந்திவிட்டது என்றேன். பெரிய அதிகாரி எழுதிக் கொடுக்கச் சொன்னார். வரிசையின் ஓரத்தில் நின்று, பன்னிரண்டு பேர் பார்க்க, அரைப் பக்கம் எழுதிக் கையெழுத்திட்டேன். கோடெக் என்ற சொல்லை எழுதி, அடித்துவிட்டு, 'மாற்றும்போது ஏற்பட்ட என் கவனக்குறைவு' என்று எழுதினேன். அதை மனுவோடு குத்தி, ஓரத்தில் ஏதோ உத்தரவு எழுதினார்கள்.

மூன்றாவது வாரம் அந்தப் பெண் போன் செய்தார். மினி லாரியில் அரிசி, பருப்பு, சர்க்கரை வந்து இறங்கியதாம். வாரத்தில் ஒரு நாள் மட்டும்.

"ரெண்டு நாளுதானேம்மா சொன்னாங்க?"

"அதான் திங்கக்கெழம மறுபடி போறோம்."

"நானும் வரட்டா?"

"வேணாங்கா" என்றார். "நீங்க வந்தா கேள்வி ஜாஸ்தி ஆயிடுது."