இரண்டு வருஷம் பின்னாடி

வகுப்பிலேயே நான்தான் குள்ளம் என்பதால் ஐந்தாம் வகுப்பில் எனக்கு முதல் பெஞ்சின் நடுவில் இடம் கொடுத்தார்கள். இரண்டு பக்கமும் ஒவ்வொருத்தி, முதுகில் இடிக்கிற மாதிரி அடுத்த மேஜை, எதிரே டீச்சர். எழுந்து வெளியே வரவேண்டுமென்றால் ஒருத்தி நகர வேண்டும். என் கால் தரையைத் தொடாது. தொங்குகிற கால் தானாக ஆடும்.

"ஆடாம ஒக்காரு" என்பார் டீச்சர்.

ஆடாமல் உட்காருவதிலேயே என் முழுக் கவனமும் போய்விடும். பலகையில் அவர் எழுதும் கணக்கில் மூன்றாவது வரி வரை கூடவே போவேன். அப்புறம் பக்கத்து மாதுங்கா ஸ்டேஷனில் ரயில் கிளம்பும் சத்தம் கேட்கும். மனசு திரும்பி வரும்போது பலகையை அழித்திருப்பார்கள்.

வருடக் கடைசியில் கணக்கில் தேறவில்லை. மேலே அனுப்புவதா வேண்டாமா என்று பள்ளியில் அப்பாவையே முடிவு செய்யச் சொன்னார்கள்.

"இன்னொரு வருஷம் அஞ்சாவதுலயே இருக்கட்டும்" என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். "இவ இருக்கற உயரத்துக்கு யாருக்குத் தெரியப்போறது?"

நான் அதே அறையில்தான் இருந்தேன்.

அந்த விடுமுறையில் உயரத்துக்காகச் செம்பூரில் ஒரு குழந்தைகள் டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். அவர் என் மணிக்கட்டு எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எலும்பு வளர்ச்சி ரெண்டு வருஷம் பின்னாடி இருக்கு. மெதுவா வளருவா. பயப்பட ஒண்ணுமில்லை."

"ஒரு எடத்துல மனசு நிக்க மாட்டேங்கறது டாக்டர். அதுவும் இதனாலதானா?" என்று அம்மா கேட்டாள்.

அதற்குள் அவர் மேஜையிலிருந்த பேனாவை நான் நாலு துண்டாகக் கழற்றியிருந்தேன். அவர் கோபிக்கவில்லை.

"அது வேற, இது வேற. சில குழந்தைகளுக்குக் கவனம் இப்படித்தான் ஓடும். வேணும்னு பண்ணலை. குள்ளமா இருக்காளேன்னு மட்டும் சின்னக் குழந்தையா நடத்தாதீங்கோ. பத்து வயசு அவளுக்கு."

திரும்பும் பஸ்ஸில் அப்பா நிம்மதியாகச் சொன்னார்: "ரெண்டு வருஷம் பின்னாடின்னு டாக்டரே சொல்லிட்டாரே."

ஜூனில் அதே அறை, அதே பெஞ்சு, அதே பாடம். புதிதாக வந்தவர்கள் என்னைத் தங்களில் ஒருத்தியாகவே நினைத்தார்கள். ஏன் இங்கே இருக்கிறாய் என்று ஒருத்தியாவது கேட்டிருந்தால் அழுதிருப்பேன். யாரும் கேட்கவில்லை. மத்தியான வேளைகளில் நகத்தால் மேஜை விளிம்பைச் சுரண்டிக்கொண்டே இருப்பேன்.

ஆகஸ்டில் ஒருநாள் அம்மா மழையில் நனைந்த புடவையோடு வகுப்பு வாசலில் நின்றாள்.

"இவளைப் பின்னாடி நிக்க விடுங்கோ டீச்சர். நடந்துண்டே கேக்கட்டும்."

"பின்னாடி நின்னா இவளுக்குப் பலகை தெரியாதே."

"தெரியலேன்னா எட்டிப் பாத்துப்பா. ஒரு வாரம் விட்டுப் பாருங்கோ."

கடைசி பெஞ்சுக்கும் சுவருக்கும் நடுவே நாலடி இடம் கிடைத்தது. பலகையின் கீழ்ப்பாதி தெரியாது. நடந்துகொண்டே காதால் கணக்குப் போட்டேன். ஒரு வாரம் என்றது வருடம் முழுவதும் நீண்டது.

"அப்பாவுக்குத் தெரியுமா?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

"கேட்டா சொல்லிக்கறேன்."

அவர் கேட்கவேயில்லை. அந்த முறை தேறி ஆறாவதுக்கு மாடியேறினேன். என்னோடு படித்தவர்கள் அதற்குள் ஏழாவதுக்குப் போய்விட்டிருந்தார்கள்.