மூன்றாவது தரம் கூப்பிடவில்லை

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்களோடு வழக்காட எனக்கு நேரமில்லை. இது எனக்கு நடந்தது. தொண்ணூற்று நான்காம் ஆண்டு, மே மாதக் கடைசி. என் பிள்ளைகளுக்குக்கூட இதை முழுதாகச் சொன்னதில்லை.

நாங்கள் அப்போது லண்டனில், டூட்டிங்கில் இருந்தோம். இவருக்கு, அதாவது என் கணவர் யோகராஜாவுக்கு, ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. சில்லுப் பூட்டிய வீட்டில் ஊர் சுற்ற வேண்டுமாம். கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கிற பெரிய வான் வண்டி. அமெரிக்காவில், நியூ மெக்சிக்கோ என்ற மாநிலத்தில், இவருடைய பள்ளித் தோழர் கஸ்பர் இருந்தார். "வா மச்சான், பாலைவனத்தில படுத்துக்கொண்டு நட்சத்திரம் பாக்கலாம்" என்று அவர் போனில் ஏற்றிவிட, இவர் பிளேன் ரிக்கெற்றும் எடுத்துவிட்டு வந்துதான் எனக்குச் சொன்னார். நல்ல மனுஷன்!

எனக்குப் போக மனமில்லை. என் தம்பி தயாபரன் அப்போது ஊரிலிருந்து கனடாவுக்குப் போகிற வழியில் நின்றான். காசு வாங்கி ஆள் ஏற்றுகிற ஏஜென்சிக்காரன் அவனை மெக்சிக்கோவுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து பிளேனில் கனடாவுக்கு ஏற்றுவதாகச் சொல்லியிருந்தான். ஏப்ரலில் ஒருநாள் தம்பி போன் எடுத்தான். "சின்னக்கா, எனக்குப் பயமாக் கிடக்கு" என்றான். நான் ஷிப்டுக்கு ஓடிக்கொண்டிருந்தேன். "ஆம்பிளைப் பிள்ளைக்கு என்ன பயம்? போய்ச் சேர்ந்திட்டு எடு" என்று வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு கதையும் இல்லை. அக்கா, நான், அவன், அவ்வளவுதான் நாங்கள். என்னைச் சின்னக்கா என்று கூப்பிட உலகத்தில் அவன் ஒருவன்தான்.

அவன் எங்கே என்று தெரியாமலே நான் உல்லாசப் பயணம் போனேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

கஸ்பர் வானை ஒழுங்கு செய்து தந்தார். வரைபடத்தில் ஓர் இடத்தைக் காட்டி, "அங்க ஒரு குஞ்சு குருமானும் வராது" என்றார். மே இருபத்தெட்டாம் திகதி பின்னேரம் போய்ச் சேர்ந்தோம். கடல் மட்டத்திலிருந்து ஐயாயிரம் அடி உயரமாம். சரளைக் கல்லும் முட்செடிப் பத்தையும்தான். பாலைவனம் என்றால் சுடும் என்று நினைத்து நான் ஒரு ஸ்வெட்டர்கூடக் கொண்டு போகவில்லை. வெயில் இறங்கியதும் குளிரில் பல்லுக் கிட்டியது.

இவர் தெற்கே கையைக் காட்டினார். "அந்த மலைக்கு அங்கால மெக்சிக்கோ."

நான் உள்ளே போய்விட்டேன்.

இரவுச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவப் போனால், பைப்பில் வெறும் காற்று. எனக்கு வந்ததே கோபம்! "தண்ணி ரேங்கை நிரப்பச் சொன்னனான் எல்லோ? பாலைவனத்துக்கு வாற மனுசர் தண்ணியில்லாமல் வருவினமோ?" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

"ரெண்டு போத்தில் கிடக்கு. படுமப்பா," என்றார். படுத்தார். குறட்டை.

நான் அடுப்புக்கு மேலிருந்த விளக்கைப் போட்டபடி மேசையடியில் இருந்தேன். நித்திரை வரவில்லை. பூச்சிச் சத்தம்கூட இல்லை. சுவர் மணிக்கூட்டில் பதினொன்று இருபது.

சரக்...

சரளையில் கால் வைக்கிற சத்தம். ஒருவர் இல்லை, நாலைந்து பேர். தூரத்தில் நின்றுவிட்டார்கள். பிறகு ஒரே ஒரு காலடி மட்டும் கிட்ட வந்தது.

சரக்... சரக்... சரக்...

ஏதாவது மிருகம் என்று நினைத்தேன். மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அந்த வானுக்குக் கதவடியில் ஒரு மடக்குப் படி இருந்தது. யாராவது அதில் ஏறினால் வான் அந்தப் பக்கம் கொஞ்சம் சரியும். பின்னேரம் முழுக்க இவர் ஏறி இறங்கும்போது பார்த்திருந்தேன்.

வான் சரிந்தது.

மேசையில் இருந்த கரண்டி மெல்ல உருண்டு கீழே விழுந்தது.

"சின்னக்கா..."

தயாவின் குரல். காய்ந்துபோன தொண்டை. ஆனால் அவன்தான். எனக்குத் தெரியாதா?

எழுந்துவிட்டேன். அப்போதுதான் அம்மா சொல்லித் தந்தது நினைவு வந்தது. இரவில் யார் கூப்பிட்டாலும் உடனே பதில் சொல்லக்கூடாது. மூன்று தரம் கூப்பிட்டால் மனிதர். பேய் இரண்டு தரத்துக்குமேல் கூப்பிடாது.

காத்திருந்தேன்.

"சின்னக்கா..."

இரண்டு.

கதவுக்குப் போகவில்லை.

விளக்கை அணைத்தேன்.

மூன்றாவது சத்தம்... வரவே இல்லை.

கதவில் ஒரு முதுகு சாய்ந்தது. அவ்வளவுதான். வான் சரிந்தபடியே நின்றது. விடியும்வரை.

நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன். தம்பி என்று தெரிந்துதான் பேசாமல் இருந்தேன்.

காலையில் இவர் எழும்பி, "ராத்திரி முழுக்க ஒருபக்கம் சரிஞ்சு கிடந்தது, டயருக்குக் காத்துப் போயிட்டுதோ?" என்று கதவைத் திறந்தார். வான் மெல்ல நிமிர்ந்தது. வெளியே யாருமில்லை. டயர்கள் நன்றாக இருந்தன.

லண்டனுக்குத் திரும்பிய கிழமை ஏஜென்சிக்காரன் போன் எடுத்தான். "தம்பி வழியில தவறிட்டார். ஏப்ரல் இருபத்தெட்டு விடியப்புறம்." அதற்குமேல் அவனுக்கு ஒன்றும் தெரியாதாம். ஐயர் நாளை எண்ணிப் பார்த்தார். நாங்கள் அங்கே படுத்த அன்றுதான் முப்பத்தோராம் நாள். செத்தவனுக்கு அந்தியேட்டிக் கிரியை செய்திருக்க வேண்டிய நாள். செய்ய ஆளில்லாமல் என் தம்பி என்னிடம் வந்திருக்கிறான், நான் கதவைத் திறக்கவில்லை என்று அழுதேன். இவர், "கனவு கண்டிருப்பாய்" என்றார். நானும் அப்படியே நினைக்கப் பார்த்தேன்.

மூன்று வருடம் போனது. லண்டன் வால்தம்ஸ்டோவில் ஒரு கலியாணவீடு. கனடாவிலிருந்து வந்திருந்த ஒரு பிள்ளை என் கையைப் பிடித்தாள். பெயர் அருள்மலர். தம்பியோடு வழியில் வந்தவளாம். பிளேன் என்றது பொய். இரவிரவாக நடத்தித்தான் எல்லையைக் கடத்தினார்களாம்.

"கடைசி இரவு பத்தைக்குள்ள கிடந்தம் அக்கா. வெள்ளை வான் ஒண்டு லைற்றோட நிண்டது. உள்ளுக்கு ஒரு பொம்பிளை தமிழில ஏசுறா, தண்ணி ரேங்க் நிரப்பேல்லை எண்டு. எங்களுக்கு நாக்கு வறண்டு கிடக்குது. தயா சிரிச்சான். இது என்ரை சின்னக்கா எண்டு எழும்பிப் போனான்."

அது ஏப்ரல் இருபத்தேழாம் திகதி இரவு. அன்று இரவு நான் லண்டனில் வேலையில் நின்றேன்.

"பிறகு?"

"ரெண்டு தரம் கூப்பிட்டான். மூண்டாந்தரம் வாயெடுக்க, லைற் அணைஞ்சது. வாடா எண்டு இழுத்தம். வரேல்லை. சின்னக்காவுக்கு இருட்டெண்டால் பயம், விடியத் திறப்பா எண்டு சொல்லிப்போட்டு அந்தப் படியிலேயே குந்தியிட்டான்."

விடிய அவர்களை எல்லைப் பொலிஸ் பிடித்தது. அருள்மலர்தான் அழுது கெஞ்சிப் பொலிஸை அந்த இடத்துக்குத் திருப்பிக் கூட்டிப் போயிருக்கிறாள்.

வான் இல்லை. சில்லு உருண்ட அடையாளமும் இல்லை. வெறும் சரளையில் தயா குந்தியபடியே விறைத்துப் போயிருந்தானாம், முதுகைப் பின்னால் சாய்த்துக்கொண்டு.

அவனுக்குப் பின்னால் சாய ஒன்றுமே இருக்கவில்லை.