மூன்று கூம்பு ரவை

எனக்குக் கணக்கு வரும், கைவேலை வராது. பி.எட். படித்த வருடம் இரண்டும் சேர்ந்து வந்து என்னை மாட்டிவிட்டன.

கல்யாணமாகிக் குடிகாட்டில் இருந்தேன். தினமும் பஸ் பிடித்து அண்ணாமலை நகர் போய்ப் படித்துக்கொண்டிருந்தேன். வருடக் கடைசியில் கடலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில், வெளியிலிருந்து வரும் தேர்வாளர் முன்னால் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். எனக்கு வந்தது பத்தாம் வகுப்பு அளவியல். ஆரமும் உயரமும் ஒன்றாக இருந்தால், கூம்பின் கன அளவு உருளையில் சரியாக மூன்றில் ஒரு பங்கு. அதைச் செய்துகாட்ட மாதிரியும் நாமே செய்துகொண்டு போக வேண்டும். அதில் கோட்டைவிட்டால் அடுத்த வருடம் மறுபடியும் எழுத வேண்டியதுதான். அதுவரை வேலையை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

அதற்கு முந்தைய நாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் சார்ட் பேப்பரைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். ஐந்து சென்டிமீட்டர் ஆரம், பன்னிரண்டு உயரம் என்று ஓர் உருளை. அதே அளவில் கூம்புக்கும் வெட்டிச் சுருட்டி, வாய்க்கு வாய் வைத்துப் பார்த்து ஒட்டினேன். உப்புமாவுக்கு வைத்திருந்த ரவையை எடுத்துக் கூம்பை நிரப்பி, ஸ்கேலால் வழித்து, உருளையில் கொட்டினேன். மூன்று முறை கொட்டியும் ஒரு விரல் அளவு குறைந்தது.

மறுபடியும் கொட்டினேன். மறுபடியும் அதே குறை. எத்தனை பரீட்சையில் மூன்றில் ஒன்று என்று எழுதியிருப்பேன்! காலேஜில் அதை நிரூபித்தும் இருக்கிறேன். ஆனால் ஒரு தடவைகூடக் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்கிற அன்றைக்கு ரவையோ, ‘மூன்று இல்லை’ என்கிறது.

கெமிக்கல் கம்பெனியில் ஷிப்ட் முடித்து வந்திருந்த என் வீட்டுக்காரர், படுத்தபடியே வழி சொன்னார்.

“உருளைக்குள்ள அடியில ஒரு அட்டையக் கொஞ்சம் தூக்கி வச்சி ஒட்டிடேன். ரவை தானா மேல வந்துரும். புள்ளைங்க உள்ள எட்டியா பாக்கப் போவுதுங்க?”

எனக்கு வந்ததே கோபம். மூன்று என்பது மூன்றாக இல்லாவிட்டால் நாளைக்கு எந்த முகத்தோடு போய் நிற்பது என்று கத்தினேன். கத்திக்கொண்டே கத்தரிக்கோலை எடுத்து அட்டையைத் தேடினேன் என்பதும் உண்மை.

வெட்ட இடம் வேண்டுமே என்று ரவையைத் தட்டில் கொட்டிவிட்டு, உருளையையும் கூம்பையும் ஒதுக்கி, பக்கத்தில் பக்கத்தில் கவிழ்த்து வைத்தேன். அப்போதுதான் தெரிந்தது, கூம்பு குட்டை. நேர் உயரம் பன்னிரண்டு வர வேண்டும். நானோ பேப்பரில் சாய்ந்த பக்கத்தைப் பன்னிரண்டாக வெட்டியிருக்கிறேன். அது பதிமூன்று இருந்திருக்க வேண்டும். தலையில் அடித்துக்கொண்டு கூம்பைப் புதிதாக வெட்டினேன்.

இந்தத் தடவை அவரும் எழுந்து வந்து எதிரில் உட்கார்ந்தார். மூன்றாவது கூம்பையும் கொட்டி ஸ்கேலை இழுத்தேன். கூடவும் இல்லை, குறையவும் இல்லை, விளிம்போடு நின்றது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இரண்டேமுக்கால் என்று இருந்திருக்கலாம், மூன்றும் கொஞ்சமும் என்று இருந்திருக்கலாம். எப்படி இப்படி முழுசாக மூன்று?

“மூணுன்னு இந்த ரவைக்கு யாரு சொன்னது?” என்றார் அவர், விளிம்பில் விரலை ஓட்டியபடி.

நிரூபணம் தெரிந்த நான், ரவையைத் தட்டில் கவிழ்த்து மறுபடியும் கூம்பை நிரப்பினேன்.

மறுநாள் வகுப்பில், இந்த உருளைக்கு எத்தனை கூம்பு ரவை பிடிக்கும் என்று கேட்டேன். பாதிப் பேர் இரண்டு என்று கை தூக்கினார்கள். பார்க்கிற கண்ணுக்கு அப்படித்தான் தோன்றும். மூன்றாவது கூம்பு விளிம்பைத் தொட்டபோது பின்வரிசைப் பிள்ளைகள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். கடைசி பெஞ்சில் மார்க் போட்டுக்கொண்டிருந்த தேர்வாளர், ரிட்டயர் ஆகப்போகிற வயதுக்காரர், எழுந்து வந்தார். ரவையைத் தட்டில் கவிழ்த்துவிட்டு, உருளைக்குள் கையை விட்டு அடியைத் தடவிப் பார்த்தார். நேற்றைய அட்டை நினைவுக்கு வந்து எனக்கு முதுகு வேர்த்தது.

அப்புறம் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, அவரே மூன்று முறையும் கொட்டினார். நிறைந்த உருளையைப் பார்த்தபடியே நின்றார்.

“இத்தன வருஷமா போர்டுல எழுதிப் போட்டிருக்கேம்மா,” என்றார் மெதுவாக. “கொட்டிப் பாத்ததே இல்ல.”