வழுக்காத சரிவு

எதிரே வருபவரின் முகத்தை ஷாஜின் இரண்டாவதாகத்தான் பார்ப்பார். முதலில் காலணி. தையல் எங்கே விலகியிருக்கிறது, பசை எங்கே பிதுங்கியிருக்கிறது என்று பார்த்து முடித்த பிறகே வணக்கம். போன மாதம் ஒரு கல்யாண வரவேற்பில் மேடையேறி, மாப்பிள்ளையின் கையைக் குலுக்கியபடியே, "லெஃப்ட் ஷூல மூக்கு கொஞ்சம் சாஞ்சிருக்கு, பாத்துக்கோங்க" என்றார். அதற்கப்புறம் எடுத்த போட்டோக்கள் எல்லாவற்றிலும் மாப்பிள்ளை கீழேதான் பார்க்கிறார்.

ஆம்பூரில் ஏற்றுமதி ஷூ செய்யும் கம்பெனி ஒன்றில் அவர் தரப் பரிசோதகர். சட்டைப்பையில் எப்போதும் சிவப்பு அம்பு ஸ்டிக்கர்கள். குறையைக் காட்டி அம்பு ஒட்டிவிட்டால் அந்த ஜோடி கப்பலேறாது. ஒருநாள் தோசையின் கருகிய ஓரத்தைச் சுட்டித் தட்டின் விளிம்பிலும் ஒட்டினார். அன்றிலிருந்து ஸ்டிக்கர் வாசலைத் தாண்டி உள்ளே வரக்கூடாது என்பது மனைவி அக்சாவின் சட்டம். அக்சா நர்ஸ், சட்டம் போட்டால் போட்டதுதான்.

அவருடைய லைனில் ஓடுவது அடி தட்டையான ஒருவகை ஷூ. வருஷக்கணக்காக அதைப் பாஸ் செய்து அனுப்பியவருக்கு, அது எதற்கானது என்பது போனில் ஒரு வீடியோ பார்த்தபோதுதான் தெரிந்தது. சக்கரம் வைத்த பலகையில் ஏறி, கான்கிரீட் சரிவில் இறங்கி, ஷூவைத் தரையோடு தேய்க்கிறார்கள். "நூல் பிசிறு இருந்தாலே நான் ரிஜெக்ட் பண்றேன். இவனுங்க வாங்கினு போய் வேணும்னே தேய்க்கிறானுங்க" என்று சில நாள் சோறு இறங்காமல் திரிந்தார். பிறகு தானும் ஒரு பலகை வாங்கினார். வயது நாற்பதைத் தொடுகிறது, வயிறு தாண்டிவிட்டது.

பலகைக்குச் சரிவு வேண்டும். நாட்றம்பள்ளிக்கு வெளியே, வீடு கட்டுவதற்காக வாங்கிப் போட்ட மனை இருந்தது. கடைக்காலுக்குத் தோண்டிய பள்ளத்தில் வீட்டுக்குப் பதிலாகச் சரிவு முளைக்க ஆரம்பித்ததும் அக்சா ஒரே நிபந்தனை போட்டார்: "காஞ்சதும் ஒரு தபா விழாம இறங்கிக் காட்டுங்க. விழுந்தீங்கன்னா அன்னிக்கே அதுமேல என் சமையல்கட்டுக்கு நூல் புடிச்சிருவேன்."

ஷாஜின் ஷூவுக்கு வெட்டுவதைப் போலவே அட்டையில் சரிவின் வளைவை வெட்டினார். கம்பி கட்டினார், கலவை சுமந்தார். கண்ணாடி போலப் பூச மட்டும் கொத்தனார் வேதாசலத்தைக் கூப்பிட்டார். பூச்சு நாள் ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது. ஆராதனைக்குப் போகாவிட்டால் அக்சா விடமாட்டார். போனால் போதகர் விடமாட்டார். திரும்பி வந்து பார்த்தால், சரிவு முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாக, அளவெடுத்தது போல வரிவரியாகப் பள்ளம். இந்த வட்டாரத்தில் வாசலுக்கு வண்டி ஏறச் சரிவு போடும் எந்தக் கொத்தனாரும், ஈரம் காய்வதற்குள் கரண்டி நுனியால் வரி கீறாமல் எழுந்ததில்லை. வேதாசலமும் எழவில்லை.

"இன்னா மேஸ்திரி இது?"

"டயர் வழுக்காது சார். என் சரிவுல வழுக்குனேன்னு ஒருத்தன் சொல்லட்டும், கரண்டியக் கீழ வெச்சிடறேன்."

"வழுக்கத்தான் மேஸ்திரி கட்டறதே."

"அதுக்கு இன்னாத்துக்கு சிமெண்ட்டு? பாசி புடிச்ச கெணத்தாண்ட போனா போதுமே."

ஷாஜினே சிமெண்ட் பால் ஊற்றி வரிகளை மூடினார். காய்ந்ததும் அப்பளம் போலப் பெயர்ந்துவந்தது. அரைத் தையல் விலகலுக்கு நூறு ஜோடியைத் திருப்பியனுப்பும் மனிதர், அந்த வாரத்துக்குள் வரிகளுக்கு வக்கீலாகிவிட்டார். "லைட்டா கிரிப்பு இருக்கறது நல்லதுதான். ஃபாரின்ல இதெல்லாம் ஜாஸ்தி யோசிக்க மாட்டான்" என்றார். பக்கத்து மனைக்காரனான நான் சரிவை விரலால் தடவிப் பார்த்தேன். இட்லித் தட்டே இதைவிட வழவழப்பு.

அடுத்த ஞாயிறு மாலை அக்சா டியூட்டி முடிந்து யூனிஃபார்முடன் வந்து நின்றார். வேதாசலமும் வந்திருந்தார், கையில் நூலுண்டையோடு. ஷாஜின் காலில் கிறிஸ்துமஸுக்குக் கம்பெனி கொடுத்த ஷூ. அவர் லைனில் தைத்தது, நாக்கின் உட்புறம் அவருடைய சொந்தப் பாஸ் முத்திரை. மேலே ஏறினார், பலகையில் நின்றார், ஏதோ முணுமுணுத்துவிட்டு இறங்கினார். முதல் வரியிலேயே சக்கரம் நின்றது. ஷாஜின் நிற்கவில்லை.

அக்சா குனிந்து முழங்கையை மடக்கி நீட்டிப் பார்த்தார். "எலும்புக்கு ஒண்ணுமில்ல. மேஸ்திரி, கிழக்கு மூலைலேர்ந்து புடிங்க."

"சொன்னேன்ல சார், வழுக்கலியே" என்று வேதாசலம் முளைக்குச்சியை அடித்தார்.

நூல் சரிவின் குறுக்கே இழுபட்டு, ஷாஜினின் தலைக்கு மேலே விறைத்து நின்றது. அவர் அதைப் பார்க்கவில்லை. உட்கார்ந்தபடியே இடது ஷூவைக் கழற்றினார். திருப்பி, வெளிச்சத்தில் பிடித்து, அடியை வெகுநேரம் உற்றுப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு சிவப்பு அம்பை உரித்து, அதன்மேல் ஒட்டினார்.