லாசரஸின் கைராசி

லாசரஸை நல்ல மனிதர் என்று யாராவது சொன்னால் அவர் முகம் சுருங்கிவிடும். குவீன்ஸ்டவுனில் அவர் குடியிருந்த அடுக்குமாடி புளோக்கில் அப்படிச் சொல்லாதவர்களே இல்லை என்பதுதான் சங்கடம். ஞாயிறு காலை லூர்து மாதா கோயிலில் பூசை, அங்கிருந்து தேக்கா சந்தையில் மீனும் கீரையும் வாங்கிக்கொண்டு நேரே வீடு. ஒருவர் வம்புக்கும் போனதில்லை. ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் கால் நூற்றாண்டு வேலை பார்த்துவிட்டு எண்பத்தொன்றாம் ஆண்டில் ஓய்வு பெற்றவர். அங்கே என்ன வேலை என்று கேட்டால், பிராணிகளுக்குத் தீனி போடுகிற வேலை என்பார். மேற்கொண்டு ஒரு வார்த்தை பெயராது. அவர் மனைவி பிரிஜட்டுக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான்.

இரண்டு வருடம் கழித்து, பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பம் பெர்த்துக்குக் குடிபெயர்ந்தது. பிள்ளைகள் வளர்த்த, முயல்குட்டி அளவேயான இரண்டு கினிப்பன்றிகளைப் பிரிஜட்டிடம் கூண்டோடு கொடுத்துவிட்டுப் போனார்கள். பிள்ளையில்லாத வீடு. சிறுநீரகம் கெட்டுப்போய், கீழே கடைக்குக்கூட இறங்க முடியாமல் கிடந்த பிரிஜட்டுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் வந்தவையோ அவளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அந்தப் பிள்ளைகள் துரத்தித் துரத்திப் பிடித்து விளையாடிய பயம் அவற்றுக்குப் போகவே இல்லை. கூண்டின் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு நடுங்கின. வெள்ளரித் துண்டோடு அவள் மேலிருந்து கையை விட்டால், கீச்சிட்டுக்கொண்டு கம்பியில் போய் மோதின.

லாசரஸிடம் கேட்டாள். "நீங்க இதுங்களோடவே வேலை பார்த்தவருதானே? ஒரே ஒரு தடவை என் மடியில உட்கார வைங்க. அது போதும் எனக்கு."

அவர் காதில் விழாதவர் மாதிரி பேப்பரை எடுத்துக்கொண்டு வெளி நடைபாதைக்குப் போய்விட்டார். புல் மாற்றுவார், தண்ணீர் வைப்பார், முகத்தை மட்டும் திருப்பிக்கொள்வார். பிரிஜட் கெஞ்சினாள், கோபித்தாள், உங்களுக்கு நெஞ்சா கல்லா என்று கேட்டாள். மனிதர் பிடிகொடுக்கவே இல்லை. இதற்கிடையில் அவள் கால் வீங்கியது, முகம் வீங்கியது, டாக்டரும் கையை விரித்துவிட்டார். ஒரு கினிப்பன்றியைத் தொட்டுப் பார்க்க முடியாமலே போய்விடுவோமோ என்பதுதான் அவளுக்குக் கவலை. இதற்குப் போய் ஒரு கவலையா என்று கேட்பவர்கள், நான்கு சுவருக்குள் வருடக்கணக்கில் கிடந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

ஒரு மத்தியானம், எட்டிப் பிடிக்கப் போனவளின் விரலை அவற்றில் ஒன்று கடித்துவிட்டது. வலித்ததற்காக அவள் அழவில்லை. நான் என்ன பாவம் பண்ணினேன், என்னைக் கண்டு ஏன் இப்படி மிரளுது என்று கேட்டுக் கேட்டு அழுதாள். லாசரஸ் விரலைக் கழுவித் துணி சுற்றினார். அப்புறம் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருடமாகச் சொல்லாததைச் சொன்னார்.

"பயந்த பிராணிக்கு ஊசி போட முடியாது, பிரிஜட். துள்ளும். புதுசா வர்றதையெல்லாம் என்கிட்டதான் குடுப்பாங்க. சூப்பர்வைசர் சுப்பிரமணியம் என்னைக் கைராசிக்காரன்னே கூப்பிடுவாரு. நான் பழக்குவேன். என் கையில கண்ணை மூடிக்கிட்டுப் படுக்கும். அப்புறம் டாக்டர் ஊசியோட வருவாரு."

பிரிஜட் அவரைப் பார்க்கவில்லை. கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப, ஒரு தடவை ஊசி இல்லாம செய்ங்க" என்றாள்.

அன்று சாயங்காலமே ஆரம்பித்தார். பிரிஜட் உடுத்திய பழைய கைலியைக் கிழித்துக் கூண்டுக்குள் விரித்தார், அவள் வாசம் பழக. கூண்டுக் கதவைத் திறந்து, உள்ளங்கை மேலே பார்க்கத் தரையோடு தரையாகக் கையை வைத்து, அதில் ஒரு கங்கோங் கீரை இலையைப் போட்டுவிட்டு வேறு எங்கோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். கை மரத்துப்போனாலும் எடுக்கவில்லை. முதல் நாள் இலை மட்டும் போயிற்று. சில நாளில் ஒரு மூக்கு வந்து விரலை முகர்ந்தது. பிறகு இரண்டுமே அவர் மணிக்கட்டில் முன்காலை வைத்து நின்று தின்றன. தாடைக்கு அடியில் ஒரு விரலால் மெல்லச் சொறிந்தார், கழுத்தை நீட்டிக் கொடுத்தன. இத்தனை சுலபமாகவா நம்பிவிடும்?

ஒன்றை எடுத்துப் பிரிஜட்டின் மடியில் வைத்தார். அது சுற்றிச் சுற்றி வந்து, வயிற்றோடு ஒட்டிப் படுத்துக்கொண்டது. பிரிஜட் மூச்சுவிடவே பயந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் கல்யாணமான புதிதில் பார்த்தது. ஆனாலும் வெளியே செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர் கண் வாசலுக்குப் போனது. அவள் கவனித்துவிட்டாள்.

"யாரும் வரமாட்டாங்க" என்றாள்.

மழை தொடங்கிய பருவத்தில் அவளை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. பிரிஜட்டுக்குச் சின்ன வயதிலிருந்தே ஊசி என்றால் குலைநடுக்கம். வீங்கிய கையில் நரம்பு அகப்படாமல் நர்ஸ் பலமுறை குத்தினாள். பிரிஜட் கட்டிலின் ஓரத்துக்கு ஒடுங்கிப்போய்க் கையை உதறினாள். பிடித்துக்கொள்ள வந்த இன்னொரு நர்ஸைத் தள்ளினாள்.

லாசரஸ் கிட்டே போனார். அவள் கைக்கு அடியில் தன் உள்ளங்கையை வைத்தார். கட்டைவிரலால் மணிக்கட்டை மெல்லத் தடவினார். இறுகியிருந்த கை தளர்ந்தது. பிரிஜட் ஒருமுறை அவரைப் பார்த்தாள், கண்ணை மூடிக்கொண்டாள். ஊசி இறங்கியது. அவள் அசையவில்லை.

"அங்கிள், நீங்க தொட்டதும் ஆன்ட்டி எப்படி அமைதியாயிட்டாங்க பாருங்க" என்று நர்ஸ் மெச்சினாள். "நாளைக்கும் ஊசி போடுற நேரத்துக்கு வந்துடுங்க லா."

லாசரஸ் தலையை ஆட்டினார். கையை உடனே இழுத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. இழுத்தால் அவள் கண்ணைத் திறந்துவிடுவாள் என்று அப்படியே வைத்திருந்தார்.