தடித்த புல்லி

அம்பகரத்தூர் பின்னால் போய்விட்டது. கையில் ஒரு துணிப்பை. அதற்குள் ஒரு சட்டை, இரண்டு திருப்புளி, ஒரு குறடு. கோயில் திருவிழாவுக்கு மைக்செட் கட்டப் போன இடத்தில் ஆம்ப்ளிபயர் புகைந்து, பழி என்மேல் விழுந்திருந்தது. விடிந்ததும் கிழக்கே நடக்க ஆரம்பித்தேன். காரைக்காலில் ரேடியோக் கடை ஏதாவது ஒன்றில் நுழைந்துவிட வேண்டும், அவ்வளவுதான் திட்டம். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவனுக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை.

காரைக்காலுக்குள் வந்தபோது வெயில் ஏறிவிட்டது. ஒரு வீட்டு வாசலில் நின்று தண்ணீர் கேட்டேன். ஐம்பது வயதிருக்கும் ஒரு அம்மா செம்போடு வந்தார். உள்ளே யாரோ கீச்சுக் குரலில் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"யாரும்மா அது?"

"எம் மவன். துபாய்லேர்ந்து பேசுறான். போறப்ப ஆம்பளையாத்தான் போனான்."

டேப்ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது வளைகுடாவுக்குப் போனவர்கள் வீட்டில் கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்தான். ஒரே கேசட்தான் போய் வரும். ஒரு பக்கம் அவர் பேசுவார், மறுபக்கம் மனைவி பேசுவார். ஊருக்கு வந்து திரும்புகிற யாராவது கொண்டுபோவார்கள்.

அந்தக் கீச்சுக் குரல் சொன்னது சிரிக்கிற விஷயமாக இல்லை. 'உன் குரல் நோயாளி மாதிரி இழுக்குது. என்னமோ மறைக்கிறே. விசாவை கேன்சல் பண்ணிட்டு வந்துடுறேன்.'

கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து மருமகள் பேசினார். "எனக்கு ஒண்ணுமில்ல தம்பி. பேசுனத போட்டுக் கேட்டுட்டுத்தான் அனுப்புனேன். நல்லாத்தான் இருந்துச்சு."

"தந்தி குடுக்கலாமே?"

"தந்தியா?" என்றார் மாமியார். "பிரிக்குறதுக்கு முன்னாடியே யாரோ மௌத்தாப் போயிட்டாவொன்னு நெனச்சு நெஞ்சப் புடிச்சிக்குவான்."

பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் மறுநாள் விடியற்காலை துபாய்க்குக் கிளம்புகிறார். அவர் கையில் நல்ல பதில் போகவில்லையென்றால் மகன் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பான். அந்த வீட்டில் சம்பாதிக்கிறவன் அவன் ஒருவன்தான்.

"இந்த செட்டுல சமீபத்துல ஏதாச்சும் மாத்துனீங்களா?" என்று கேட்டேன்.

"போன கேசட் அனுப்புறதுக்கு முன்னாடி மோட்டார் போச்சு. கடையில புதுசு போட்டாவொ. பழசவிட நல்லதுன்னு சொன்னாவொ. இன்னக்கி மறுபடி கொண்டுபோனோம். கடைக்காரரே பேசிப் பதிஞ்சு போட்டுக் காட்டுனார், சுத்தமா கேட்டுச்சு. ஒங்க செட்டு சரியா இருக்கு, துபாய் செட்டுதான் கோளாறுன்னுட்டார்."

நான் தரையில் உட்கார்ந்து பிரித்தேன். அவர்கள் கொடுத்த யூடிகோலன் சென்டில் துணியை நனைத்து, நாடா உரசுகிற ஹெட்டைத் துடைத்தேன். கீச்சு போகவில்லை. பேட்டரி மாற்றினேன். பெல்ட்டைக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டினேன். அதே கீச்சு. நண்பகல் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொல்லி வெகுநேரம் ஆகிவிட்டது.

"பிரிச்சதையெல்லாம் திரும்ப உள்ள வைப்பியா தம்பி, இல்ல பையில அள்ளிட்டுப் போவியா?" என்றார் மாமியார்.

"சரி பண்ணாம எந்திரிக்க மாட்டேம்மா."

எழுந்திருக்கவும் இல்லை. கடைக்காரர் செய்த சோதனையையே யோசித்துக்கொண்டிருந்தேன். வேகமாக ஓடுகிற செட் வேகமாகப் பதியும், அதே வேகத்தில் பாடும். தன் குரல் தனக்குச் சரியாகத்தான் கேட்கும். சரியான வேகத்தில் ஓடும் துபாய் செட்டில் போட்டால் அந்தக் குரல் இழுக்கும். துபாய் குரல் இங்கே கீச்சிடும். அப்படியானால் கோளாறு புது மோட்டாரில்.

"பழைய மோட்டார கடையிலேயே விட்டுட்டீங்களா?"

"நாங்க எதையும் கடையில விடமாட்டோம்" என்று மாமியார் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து கவிழ்த்தார். ரிப்பேருக்குப் போனால் கழற்றிய சாமானைக் கேட்டு வாங்காமல் அந்த ஊரில் யாரும் கடைப்படி இறங்கமாட்டார்கள். செத்த கடிகாரத்து ஸ்பிரிங்குக்கும் உடைந்த சுவிட்சுக்கும் நடுவில் மோட்டார் கிடந்தது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பெல்ட் ஓடுகிற பித்தளைப் புல்லி புதியதில் ஒரு நூல் தடிமன் கூடுதல். அதுதான் நாடாவை விரட்டிக்கொண்டிருந்தது. தடித்த புல்லியை மெழுகுவத்தியில் சூடுகாட்டி, இரண்டு திருப்புளியையும் அடியில் கொடுத்து நெம்பினேன். மோட்டார்த் தண்டு வளைந்தால் எல்லாம் போச்சு. வளையவில்லை. பழைய புல்லியைக் கழற்றிப் புது மோட்டாரில் ஏற்றினேன்.

பட்டனை அழுத்தியதும் ஒரு ஆண்பிள்ளையின் கனத்த குரல் வந்தது. மாமியார் செட்டுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

"அவ்வொதான்" என்றது திரை.

கேசட்டைத் திருப்பிப் போட்டேன். மருமகள் அனுப்பிய பழைய பேச்சு அழியாமல் இருந்தது. சாகக் கிடக்கிறவர் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது மாதிரி இழுத்தது.

"அல்லா, இதையா கேட்டாவொ?"

"இதக் கேட்டுட்டு எம் மவன் அன்னக்கே பிளைட் ஏறலியே, அதச் சொல்லு!"

அந்தப் பக்கத்தின் மேலேயே மருமகள் புதிதாகப் பேசிப் பதிந்தார். நடந்ததையெல்லாம் சொல்லி, சிரித்தும் காட்டினார். கேசட் விடியற்காலை கிளம்பிவிட்டது.

அந்த வீட்டுத் திண்ணையில் படுத்தெழுந்து, காலையில் தடித்த புல்லியை எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன். துபாய் செட்டுதான் கோளாறு என்று கடைக்காரர் ஆரம்பித்தார். அவர் கடையில் பிரித்துக் கிடந்த ஒரு செட்டில் பழையதின் அளவுப் புல்லியைத் தேடி எடுத்து, இரண்டையும் மேசைமேல் வைத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"இதே மோட்டார இன்னும் ஏழு வீட்டுக்குப் போட்டிருக்கேனேப்பா. ஏழும் துபாய், சவுதி வீடு."

"பழைய மோட்டாரெல்லாம் எங்கங்க?"

"எவன் விட்டுட்டுப் போனான்? எல்லாரும் வாங்கிட்டுப் போயிட்டாங்க."

"அப்ப பிரச்சினை இல்லங்க. மெழுகுவத்தி மட்டும் குடுங்க."

ஏழு வீட்டுக்கும் வழி சொல்லி, தன் சைக்கிளைக் காட்டினார். முதல் வீடு காரைக்கால்மேட்டில். துணிப்பையை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு மிதித்தேன்.